கழுவாத கத்தி

என் மாமனாருக்குக் கையுறையிலும் நம்பிக்கை இல்லை, காய்ச்சலிலும் நம்பிக்கை இல்லை. கையுறை பயந்தாங்கொள்ளிக்கு, காய்ச்சல் பொய்யனுக்கு என்பார். கறிக்கடையில் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னால் வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். எடை போடுகிற கை அவருடையது, சிரிக்காமல் என்ன செய்வார்கள். சுகாதார ஆய்வாளர் கட்டாயப்படுத்தி வாங்க வைத்த இரும்பு வலைக் கையுறை ஒன்று சுவரில் ஆணியில் தொங்கும். அதற்குள் அவர் தீப்பெட்டி வைத்திருந்தார்.

கீழே கடை, மேலே வீடு. நான் அந்த வீட்டின் சின்ன மருமகள். கொத்துக்கறி மெஷினும் தரை கழுவுவதும் என் பொறுப்பு. மாமனார், அவருடைய பெரிய மகன், சின்ன மகனாகிய என் கணவர், மூன்று பேரும் வெட்டுவார்கள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோவில் பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறார்.

அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஏழு வயதானால் கை திறப்பார்கள். வேறு எந்தக் கறிக்கடையிலும் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. என் மாமனாரின் அப்பா தொடங்கி வைத்த கூத்து. அன்றைய வேலை முடிந்ததும், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கிற கத்தியைக் கழுவாமல் எடுத்து, பிள்ளையின் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கீறல் போடுவார்கள். மருந்து கிடையாது, துணி கிடையாது. தானாக ஆற வேண்டும். கடையின் அழுக்கைக் கொஞ்சம் உள்ளே விட்டால் உடம்பு அதைப் படித்துக்கொள்ளும், அப்புறம் எந்தக் கத்தி பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று மாமனார் விளக்குவார். கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும். அதுதான் வம்பு.

பெரிய மகனுக்குத் திறந்தபோது சின்னப் பொருக்கு கட்டி உதிர்ந்ததாம். என் கணவருக்குத் திறந்தபோது கை முழங்கை வரை வீங்கி, உடம்பெல்லாம் சிவந்து, ஒரு வாரம் காய்ச்சலில் பிதற்றியிருக்கிறார். மாமனார் அதைக் காய்ச்சல் என்று ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் பாவ்லா காட்டுகிறான் என்றார். அன்றைக்கு வைத்த பெயர்தான் கண்ணாடி. தொட்டால் உடைந்துவிடுவானாம். கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவான பிறகும் அவர் கண்ணாடிதான். கடைக்கு வருகிறவர்கள்கூட, "கண்ணாடி இல்லையா, அவன் வெட்டினாத்தான் துண்டு ஒழுங்கா இருக்கும்" என்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் செத்த கதையைச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும்.

அந்த வாரம் மச்சானுக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, மணிக்கட்டில் ஒரு சீழ்க்கட்டி. மாமனாருக்கு விரல் வீங்கித் தொண்டை வலித்தது. கத்தி ஒன்றுதான், மூன்று பேரும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். என் கணவருக்கு விரல் சந்தில் வெட்டு விழுந்தது. பார்த்தால் நகக்கீறல் மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலையில் கையைத் தூக்க முடியவில்லை. வெயிலில் கிடந்தவர் போல மார்பும் முதுகும் சிவந்திருந்தன. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று கீழே இறங்கினேன். மாமனார் எங்களை நிறுத்தினார். வெட்டுக்கட்டையின் மேல் தன் கையை வைத்தார், மச்சான் கையை இழுத்து வைத்தார், என் கணவர் கையை நடுவில் வைத்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களே சொல்லுங்க. மூணு கை. ஒரே கத்தி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாள் உடம்பு சுட்டுச்சு, போயிடுச்சு. இவன் வெட்டுதான் இருக்கறதுலயே சின்னது. இவனுக்கு மட்டும் ஆஸ்பத்திரி கேக்குது."

யாரோ ஒருவர் சிரித்தார். அது போதும் அவருக்கு.

"வண்டி வந்து நிக்குது. சரக்கை இறக்கிட்டு எங்க வேணும்னாலும் போ."

"மாமா, அவரால நிக்கவே முடியல."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கான்."

என் கணவர் இறக்கினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என்னைத் தள்ளிவிட்டுப் போய், அரை மாட்டைத் தோளில் சுமந்து, குளிர் அறைக்குள் கொண்டுபோய்க் கொக்கியில் ஒழுங்காக மாட்டினார். மாட்டிவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். மச்சான் தூக்கப் போனார். "விடு, குளிர் ஏறினா தானா எந்திரிச்சு வருவான்" என்று மாமனார் கதவைச் சாத்தினார். நான் கதவைத் திறந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அங்கே இருந்த டாக்டரம்மா, கிருமியைவிடக் கிருமி விடுகிற நச்சைப் பற்றி அதிகம் படித்தவர். எங்கள் எல்லோருடைய ரத்தமும் வேண்டும் என்று கேட்டார். மாமனார் உடனே சட்டைக் கையை மடித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீடு திரும்பும் வழியில்தான் காரணம் தெரிந்தது. "இவங்க அம்மா வழி மொத்தமும் நோஞ்சான் கூட்டம். அங்கிருந்து வந்ததுதான்னு டாக்டர் வாயாலயே வரட்டும்" என்றார். மகன் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்றால் அதுதான்.

முடிவு சொல்லக் கூப்பிட்டபோது மகளையும் அழைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் போனோம். டாக்டரம்மா காகிதம் எதையும் காட்டவில்லை, நேராகப் பேசினார்.

"உங்க மூணு பேருக்கும் ஒரே கிருமிதான். நச்சும் ஒண்ணுதான். ஆனா உள்ள வந்தது என்னன்னு பிடிச்சுக் காட்டறதுக்கு நம்ம செல்கள் மேல பிடி மாதிரி ஒண்ணு இருக்கு. அதோட வார்ப்பு ஆளுக்கு ஆள் வேற. பாதி அப்பாகிட்ட இருந்து வரும், பாதி அம்மாகிட்ட இருந்து வரும். சில வார்ப்புல இந்த நச்சு சரியா ஒட்டாது. ஒரு நாள் காய்ச்சலோட போயிடும். சில வார்ப்புல உடும்புப் பிடியா ஒட்டிக்கும். அப்ப உடம்புல இருக்கற காவல் மொத்தமும் கிளம்பிடும். ஒரு திருடனைப் பிடிக்க ஊரே ஓடி வந்து, இருக்கற வீட்டை எல்லாம் இடிச்சுத் தள்ளின மாதிரி."

"அப்ப அவன் உடம்புல தெம்பில்லாமத்தானே செத்தான்" என்றார் மாமனார்.

"இல்லைங்க ஐயா. அவர் உடம்பு அளவுக்கு மீறிச் சண்டை போட்டுச்சு. அதனாலதான் செத்தார்."

மாமனார் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார். "சரி. அவங்க அம்மா வழிதானே?"

"உங்க வழி. உங்ககிட்ட ரெண்டு வார்ப்பு இருக்கு. ஒண்ணு அந்த உடும்புப் பிடி. இன்னொண்ணு அதை அடக்கி வைக்கறது. ரெண்டும் சேர்ந்து இருக்கறதால நீங்க பொழைச்சீங்க. பெரிய மகனுக்கு அடக்கறது வந்துச்சு. சின்ன மகனுக்கு உடும்புப் பிடி வந்துச்சு."

"நானா குடுத்தேன்?"

"நீங்க பார்த்துக் குடுக்கல. குலுக்கிப் போட்டதுல யாருக்கு எது விழணுமோ விழுந்துச்சு."

அப்புறம் டாக்டரம்மா என் மகளைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பாப்பாவுக்கும் அதுதான் வந்திருக்கிறது. இந்த நச்சை விடுகிற கிருமி உள்ளே போனால் எல்லாத் தடவையும் இப்படி ஆகும் என்று இல்லை, ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்றார். வெட்டு, தொண்டை வலி, காய்ச்சல் எதுவானாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடச் சொன்னார். நான் தயங்கித் தயங்கிக் கை திறக்கிற விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் மாமனாரைப் பார்த்த பார்வையில் வேறு யாராயிருந்தாலும் கூசிப்போயிருப்பார்கள்.

"தடுப்பூசி போடறோம்னு நினைப்பா உங்களுக்கு? இந்தக் குழந்தைக்கு அதைச் செஞ்சீங்கன்னா கொலை."

திரும்பி வரும்போது மாமனார் வாயே திறக்கவில்லை. மனுஷன் உள்ளுக்குள் நொறுங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன், கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கடை வாசலில் இறங்கியதும் சொன்னார்: "அது எங்கிட்டயும் இருக்குன்னுதானே அந்தப் பொம்பளை சொன்னா? எனக்கும் எங்கப்பா கை திறந்தார். நான் செத்தேனா? பழக்கினா பழகிடும். கண்ணாடிக்குச் சரியா பழக்காம விட்டுட்டேன்."

டாக்டர் சொன்னதில் இருந்து அவருக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார். மிச்சம் எலும்பு, குப்பைக்கு. அடக்கி வைக்கிற இன்னொன்று உங்களிடம் இருக்கிறது, பாப்பாவிடம் இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். மச்சான் தரையைப் பார்த்தார். அந்த ஆளுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும்.

பாப்பாவுக்கு அடுத்த மாதம் ஏழு முடிய இருந்தது. நான் ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, எம் பொண்ணு கையில கத்தி பட்டுச்சுன்னா போலீசுக்குப் போவேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். வெட்டுக்கட்டையில் உள்ளங்கையைப் பதித்தார்.

"சரிம்மா. நான் அவ கையைத் தொட மாட்டேன். போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தேன். அந்தக் கட்டையில் கை வைத்துச் சொன்ன வார்த்தையை அவர் மீறியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை கேட்டேன், கொடுத்தார்கள். பக்கத்திலேயே ஒரு அறையும் பார்த்துவிட்டேன். மாதம் பிறந்ததும் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று இருந்தேன்.

அவர் தொடவில்லை. பேர் மட்டும் வைத்தார். பாப்பா படியிறங்கி வந்தால், "பார்த்து, பார்த்து, குட்டிக் கண்ணாடி வருது, யாரும் மோதிடாதீங்க" என்பார். வாங்க வந்தவர்கள் வழிவிடுகிற மாதிரி ஒதுங்கிச் சிரிப்பார்கள். மச்சான் மகன் தன் கட்டைவிரல் தழும்பை அவள் முகத்துக்கு நேரே ஆட்டுவான். சோறு வைக்கும்போது தாத்தா அவனுக்கு ஈரலில் பெரிய துண்டைப் போட்டுவிட்டு, இவள் தட்டைப் பார்த்து, "கண்ணாடிக்கு வேணாம், பல்லு உடைஞ்சிடும்" என்பார். அவளுக்கு அப்பாவின் அதே சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு.

"அம்மா, அப்பா நிஜமாவே கண்ணாடியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"உங்கப்பா அரை மாட்டைத் தனியா தூக்கினவர்டி."

"அப்ப ஏன் செத்தாங்க?"

டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். திருடன், ஊர், இடிந்த வீடு எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் குழந்தைக்கு ரத்தத்தில் இருப்பதைவிட ஊர் சிரிப்பதுதானே பெரிது.

பெட்டி கட்டுவதற்கு முந்தின வாரம், காலையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கழுத்தில் என் விரல் பட்டது. கொதித்தது. திருப்பிப் பார்த்தேன். உதடு காய்ந்து, கன்னமும் கழுத்தும் சிவந்திருந்தன.

"காய்ச்சல் அடிக்குதேடி. எப்ப இருந்து?"

"எனக்குக் காய்ச்சல் இல்லம்மா."

"கொதிக்குது, இல்லைங்கற?"

"இல்லவே இல்ல. நான் பொய் சொல்ற பொண்ணு இல்லம்மா."

அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பிடித்து இழுத்தேன். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கட்டைவிரலுக்கு அடியில் சின்னக் கீறல், கோணலாக, கத்தி பழகாத கை போட்டது மாதிரி. சுற்றிலும் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

"நானே பண்ணிக்கிட்டேன்" என்றாள். "அழவே இல்லம்மா. ஆறினதும் உங்கிட்ட காட்டலாம்னு தாத்தா சொன்னாங்க."

அவளைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினேன். மாமனார் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவின் கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கத்தினேன்.

"நான் தொட்டேனா?" என்றார் நிதானமாக. "அவளையே கேளு. வேலை முடிஞ்சு கத்தியைக் கட்டை மேல வெச்சேன். வேணும்ங்கறவங்க எடுத்துக்கலாம்னு சொன்னேன். அவளா எடுத்தா. உன் வீட்டுக்காரன் அன்னிக்குக் கதறின கதறலுக்கு, இவ பரவாயில்ல."

பக்கத்தில் நின்ற மச்சானின் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. துணியின் நடுவில் மஞ்சளாக ஊறியிருந்தது. பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கையை மெதுவாக முன்துணிக்குள் மறைத்துக்கொண்டார்.

வண்டியில் போகும்போதே பாப்பா வாந்தி எடுத்தாள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆள் மேல் ஆள் ஓடி வந்தார்கள். கிருமிக்கு ஒரு மருந்து, நச்சைத் தடுக்க ஒரு மருந்து, ஊரை அடக்கவும் ஏதோ ஒன்று. சின்ன உடம்பு, எத்தனை குழாய்தான் தாங்கும். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. உயிரைப் பிடித்து வைக்க ரத்தத்தை எல்லாம் நெஞ்சுப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது, கைகால் பாதிக்கப்படலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். அப்போது எதைக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

பிழைத்துவிட்டாள். அந்த மாதிரி ரத்தம் என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் பிழைத்தாள் என்று டாக்டரம்மா சொன்னார். இடது கையில் மூன்று விரல்கள் நுனியிலிருந்து கறுக்க ஆரம்பித்தன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு இறங்கியது. ஒரு இடத்தில் வந்து நின்றதும், அது வரைக்கும் எடுத்துவிட்டார்கள்.

மாமனார் அதற்குப் பிறகுதான் வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். அந்த அறைக்குள் போக வேண்டுமானால் கையுறை போட வேண்டும் என்று நர்ஸ் நீட்டினாள். பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்தப் பெரிய கைகளில் அது பாதி வரைக்கும்தான் ஏறியது. கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு துளியாவது வரும் என்று நினைத்தேன்.

"கட்டுப் பிரிக்கறப்ப அழுதாளா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"இல்லைங்க. ரொம்பத் தைரியம் உங்க பேத்திக்கு."

அவர் தலையை ஆட்டினார். கட்டில் அருகே வந்து குனிந்தார்.

"கடையில எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனிமே உன்னை யாரும் கண்ணாடின்னு கூப்பிடக் கூடாது. நீ என் ரத்தம். தாங்கிட்ட பாரு."

எழுந்து போய் அவர் முகத்தைப் பிறாண்ட வேண்டும் போல இருந்தது. பிறாண்டினால்தான் என்ன, கீறல் விழும், ஒரு நாள் சுடும், ஆறிவிடும். அவருக்கு ஒன்றும் ஆகாது. எதுவுமே ஆகாது. அதை நினைத்தபோது எனக்கு வந்த வெறுப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஆமா மாமா, உங்க ரத்தம்தான்" என்றேன். "அதுதான் அவளுக்கு வந்த வியாதி. அதுலதான் எம் புருஷனும் போனார்."

நான் குத்திக்காட்டினேன் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. நீண்ட நாள் வழக்கில் தீர்ப்பு தன் பக்கம் வந்தவர் போல நிமிர்ந்தார். "அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். கையுறையை உரித்துத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

பாப்பா என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. தலை குனியாமல், பல் தெரிய, வாய் நிறையச் சிரித்தாள். அவள் அப்பா முகத்தில் ஒரு நாளும் நான் பார்க்காத சிரிப்பு.

"அம்மா, தாத்தா சொன்னதைக் கேட்டியா?"

அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டேன்டி" என்றேன்.